காலையில் போய் இரவுக்குள் திரும்ப: சிங்கப்பூரிலிருந்து படகுப் பயணம் பற்றிய கேள்வி பதில்

பதினைந்து வருடமாகப் பாத்தாம், பிந்தான், கரிமுன் என்று பக்கத்து இந்தோனேசியத் தீவுகளுக்கு இந்தப் படகுகளில் போய்வருகிறேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: இரண்டு பிள்ளைகளோடு முதல்முறை போகிறோம். ஒரே நாளில் திரும்பவேண்டும். எங்கே போகலாம்?

பாத்தாம் சென்டர். பாத்தாம் தீவின் இந்தத் துறைக்கு, சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் மேம்பாலம் வழியாக நேரே மெகா மால் கடைத்தொகுதிக்கு நடந்துவிடலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு டாக்சிக்காரர்களிடம் பேரம் பேசும் வேலை முதல் நாளே வேண்டாம்.

நேரத்தை மட்டும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். காலை 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போதும் 8 மணிதான். ஒரு மணி நேரம் கிடைத்ததுபோல இருக்கும், மாலையில் அது திரும்பப் போய்விடும். திரும்பும் படகு 5.30 என்றால் அது பாத்தாம் நேரம், நம் கணக்கில் 6.30. இங்கே வந்து சேர 7.30, குடிநுழைவு வரிசை முடிந்து வெளியே வர எட்டு மணிக்கு மேல். என் மைத்துனர் 5.30-க்குக் கிளம்பினால் 6.30-க்கு வந்துவிடலாம் என்று நம்பி, அன்று இரவு 9 மணிக்குத் திருச்சி விமானத்துக்குப் பதிவு செய்திருந்தார். ஹார்பர்ஃபிரண்ட் வரிசையில் நிற்கும்போதே விமானம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய லாப்பிஸ் கேக் பெட்டி. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படகுப் பயணம் போகும் நாளில் வேறு பயணம் வைக்காதீர்கள்.

இந்தியக் கடப்பிதழ், ஒர்க் பெர்மிட். நானும் போகலாமா?

தாராளமாகப் போகலாம் தம்பி. இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா வாங்கலாம், இணையத்தில் முன்கூட்டியே வாங்கவும் வழி உண்டு. வழக்கமான 30 நாள் விசாவுக்கு 5 லட்சம் ருப்பியா. ஒருமுறை நுழைவதற்குத்தான் அது. அடுத்த மாதம் மறுபடி போனால் மறுபடி கட்டவேண்டும். ஒரு நாள் சுற்றுலாவுக்கு இது பெரிய தொகை, யோசித்துச் செய்யுங்கள். கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும். பெர்மிட் செல்லுபடியில் இருந்தால் அதையும் கடப்பிதழையும் வைத்துத் திரும்பி உள்ளே வரலாம், சிங்கப்பூர் வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

இன்னொன்று. "கடப்பிதழ் முதலாளியிடம் இருக்கிறது" என்று நிறையத் தம்பிகள் சொல்கிறார்கள். உங்கள் கடப்பிதழை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள். படகுக்குப் போகாவிட்டாலும் அது உங்கள் கையில்தான் இருக்கவேண்டும்.

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பிந்தானுக்கு எத்தனை மணிக்குப் படகு?

பிந்தானுக்குத் தானா மேரா படகுத்துறைக்குப் போகவேண்டும். தானா மேரா ரயில் நிலையம் வேறு, படகுத்துறை வேறு. ரயில் நிலையத்தில் இறங்கிக் கடலைத் தேடாதீர்கள், அங்கிருந்து 35-ஆம் எண் பேருந்து பிடிக்கவேண்டும்.

திரும்பும்போது இரண்டு போத்தல் வாங்கி வரலாமா?

வரியில்லாமல் முடியாது. மதுபானத்துக்கு வரிச்சலுகை கிடைக்க 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்கவேண்டும். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது, ஒரு பெட்டியானாலும் சுங்கத்துறையின் சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லுங்கள். மற்ற பொருள்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு 100 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

டிசம்பரில் கடல் எப்படி? அம்மாவுக்கு வாந்தி வரும்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். தானா மேராவிலிருந்து பிந்தான் போகும் வழி திறந்த கடல் பக்கம், படகு நன்றாகத் தூக்கிப்போடும். அந்த மாதங்களில் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாமின் செகுப்பாங் துறைக்குப் போங்கள், தீவுகள் காற்றை மறைக்கும். கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்னாலோ உட்காரவையுங்கள். முன்வரிசை வேண்டாம்.

சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கவேண்டும். காய்கறிச் சம்பலிலும், காடோ-காடோ என்ற காய்கறிக் கலவையின் கடலைக் குழம்பிலும் தெராசி சேர்ப்பார்கள், அது இறால் விழுது. "தன்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமல், என்று சொல்லுங்கள். மேலே தூவும் அப்பளமும் இறாலாக இருக்கலாம். தெம்பே, தாஹு (இரண்டும் சோயாவில் செய்வது), வெறும் சோறு என்றால் பயமில்லை.

பிந்தான் தீவின் தஞ்சோங் பினாங் நகருக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு மணி நேரப் படகு வீண் இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

துறையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பொம்பொங் படகுகள் நிற்கும் இடம் வரும். பொம்பொங் என்பது மரப்படகு, இயந்திரம் போடும் சத்தமே அதன் பெயர். கால் மணி நேரத்தில் பென்யெங்காட் என்ற குட்டித்தீவில் இறக்கிவிடும். அரை நாளில் நடந்தே சுற்றிவிடலாம். கரையிலிருந்தே மஞ்சள் பள்ளிவாசல் தெரியும். 1832-ல் கட்டியது. 13 கூம்பு, 4 மினாரா, சேர்த்தால் 17, ஒரு நாளின் கடமைத் தொழுகையில் வரும் ரக்அத்துகளின் (சுற்றுகளின்) எண்ணிக்கை. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றிக் கேட்ட கதைதான். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கையால் எழுதிய குர்ஆன் திறந்து வைத்திருக்கும், நின்று பாருங்கள்.

ஜோகூர்-ரியாவ் அரசகுலத்தின் இடம் அது. 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உடன்படிக்கை போட்டுக் கடலின் நடுவே கோடு கிழித்தார்கள். சிங்கப்பூரும் ஜோகூரும் ஒரு பக்கம், இந்தத் தீவுகள் அடங்கிய ரியாவ் மறுபக்கம். ஒரே குடும்பம் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது. நீங்கள் இன்று கடப்பிதழை நீட்டுவதே அந்தக் கோட்டுக்காகத்தான். அங்கேதான் ராஜா அலி ஹாஜியின் கல்லறை இருக்கிறது. மலாய் இலக்கணம் எழுதியவர், 1847-ல் 'குரிண்டாம் துவா பெலாஸ்' பாடியவர். ஈரடிப் பாட்டு, பன்னிரண்டு பகுதி. கல்லறை வளாகத்துச் சுவரில் அதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடை கண்ணி வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒருநாள் பயணம் எனக்குத் தெரியாது.

ஈரடிப் பாட்டா? அப்படியானால் அது நம் திருக்குறளைப் பார்த்து எழுதியதுதான். குறள்தான் குரிண்டாம் ஆனது.

இல்லை ஐயா. குரிண்டாம் என்ற சொல் தமிழ் வழியாக வந்தது என்று மலாய்ப் பாடநூல்களே சொல்கின்றன, ஆனால் அவை காட்டும் மூலம் குறள் இல்லை, கிரந்தம். அமைப்பும் வேறு. குறளில் ஏழு சீர், எதுகை அடியின் முதலில் வரும். குரிண்டாமில் ஒலி அடியின் கடைசியில் ஒத்துவரும். முதல் பாட்டு 'அகாமா' என்று ஒரு அடி முடிந்து 'நாமா' என்று அடுத்த அடி முடியும். நம் கணக்கில் அது இயைபு.

அகாமா, நாமா இரண்டுமே ஆகமம், நாமம்தானே! நீங்களே நிரூபித்துவிட்டு மறுக்கிறீர்களே? (இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.)

அந்த இரண்டும் வடசொற்கள். தமிழுக்கும் வந்தன, மலாய்க்கும் வந்தன. எனக்கும் தமிழ்மேல் ஆசை உண்டு, அதனால்தான் தப்பான சான்றைத் தூக்கிப்பிடிக்க மனம் வரவில்லை. உறுதியான சான்று வேண்டுமா? மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்'. இவை நம்மிடமிருந்து போனவை. வணிகரும் மாலுமிகளும் கொண்டுபோன சொற்கள். ராஜா அலி ஹாஜி குறள் படித்தார் என்பதற்கு நான் எந்தச் சான்றும் பார்த்ததில்லை. அவர் பாட்டு இஸ்லாமிய அறநெறிப் பாட்டு, அதன் பெருமை அதற்கே இருக்கட்டும். அறத்தை இரண்டு அடியில் அடக்குவது இரண்டு மொழிக்கும் பிடித்திருக்கிறது. அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்கு வந்த மகிழ்ச்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

இதோடு இதை நிறுத்திக்கொள்வோம். படகுக் கேள்விகள் காத்திருக்கின்றன.

திரும்பும் படகு நேரம் சிங்கப்பூர் நேரமா, பாத்தாம் நேரமா?

பாத்தாம் நேரம். முதல் பதிலைப் படியுங்கள்.

இந்தியர்களுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். இரண்டாவது பதில்.

எந்தத் துறையில் இறங்கினாலும் எந்தத் துறையிலும் ஏறலாமா?

கூடாது. பாத்தாமில் மட்டும் பாத்தாம் சென்டர், செகுப்பாங், ஹார்பர் பே, நொங்சாபுரா என்று பல துறைகள். டிக்கெட்டில் உள்ள பெயரை டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். வெறும் "ஃபெரி" என்று சொன்னால் அவருக்குத் தோன்றிய துறைக்குக் கொண்டுபோவார்.

பாத்தாமில் பாரெலாங் பாலம், காலாங் முகாம், நகோயா வட்டாரத்தில் ஷாப்பிங், மசாஜ். ஒரே நாளில்?

காலாங்கை மட்டும் பாருங்கள். வியட்நாம் அகதிகள் 1979 முதல் 1996 வரை தங்கிய இடம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பாலம் வழியிலேயே வரும். மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகை அட்டைக்கு ஒரு தளத்தில் 60 வெள்ளி கேட்டது. கட்டிவிட்டேன். சரியா?

ஐயோ. சிங்கப்பூர் வருகை அட்டை இலவசம், இந்தோனேசிய வருகைப் பதிவும் இலவசம். வங்கியிடம் இன்றே சொல்லி, பணம் கட்டிய வங்கி அட்டையை முடக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாமல் அரசாங்கத் தளத்தின் முகவரியைப் பார்த்து நிரப்புங்கள்.

விசா எவ்வளவு?

இரண்டாவது பதில்.

அம்மாவுக்கு 72 வயது. பென்யெங்காட் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன், போகவேண்டும் என்கிறார். நடக்க முடியுமா?

கூட்டிப்போங்கள். பொம்பொங்கில் ஏறி இறங்கும் படிதான் சிரமம், அலையில் படகு ஆடும். படகுக்காரர் கை கொடுப்பார், நீங்கள் பின்னால் நில்லுங்கள். தீவில் மோட்டார் பெச்சாக் என்ற மூன்று சக்கர வண்டி இருக்கிறது, பேசி அமர்த்தினால் வண்டிக்காரர் கல்லறை வரை கொண்டுபோய்க் காத்திருப்பார். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், தொழுகை நேரம். தலைக்கு ஒரு துண்டு, ஒரு குடை, தண்ணீர். திரும்பும் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே தஞ்சோங் பினாங் கரைக்கு வந்துவிடுங்கள், அம்மா நிதானமாக ஒரு தேநீர் குடிக்கலாம்.