வெப்சைட்டுக்குப் பணம் கொடுத்தது நான், பெயர் யாருடையது?

கேள்வி: கும்பகோணத்தில் திருமணப் புகைப்படக் கலைஞராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வெப் டிசைனரிடம் 42,000 ரூபாய் கொடுத்து, என் ஸ்டூடியோவின் பெயரிலேயே .காம் முகவரியுடன் இணையதளம் அமைத்துக்கொண்டேன். இப்போது அதைப் புதுப்பிக்க 25,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார். விசிட்டிங் கார்டு, ஆல்பத்தின் பின்னட்டை, கடையின் போர்டு என எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருக்கிறது. ரசீதின் படத்தை இணைத்துள்ளேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ரசீதைப் பார்த்தேன். ‘வெப்சைட் வேலை: 42,000’ என்ற ஒரே வரியும், அதன் கீழே ஒரு கையெழுத்தும் மட்டுமே அதில் உள்ளன. உங்கள் சிக்கலின் வேர் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கியது ஒன்றல்ல, மூன்று: டொமைன் எனப்படும் முகவரிப் பெயர், தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் இடம், பக்கங்களை வடிவமைத்த உழைப்பு. மூன்றாவது ஒருமுறைச் செலவு. முதல் இரண்டுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்ட வேண்டும், அவற்றில் .காம் பெயருக்கான ஆண்டுக் கட்டணம், பெயர்களைப் பதிந்து தரும் பெரும்பாலான பதிவாளர் நிறுவனங்களில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். ஆகவே அந்த 25,000 ரூபாயில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ முதலில் கேளுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசினால் பின்னால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்து, பெயர் யாருடைய பதிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியை இட்டால், அதைப் பதிந்த நிறுவனம், பதிந்த நாள், காலாவதியாகும் நாள் ஆகியவை தெரியும். உரிமையாளரின் பெயர் தனியுரிமைக்காக மறைக்கப்பட்டிருக்கலாம்; அப்போது பதிவாளர் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை டிசைனரிடம்தான் கேட்க வேண்டும். பணம் உங்களுடையது என்றாலும், பதிவாளர் நிறுவனத்தின் கண்ணுக்கு உரிமையாளர் என்பவர் பதிவில் பெயர் உள்ளவரே. .காம் பெயர்களுக்குக் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புவது பதிவாளரின் கடமை. ஆனால் அந்த அஞ்சல்கள் பதிவில் உள்ளவருக்குத்தான் போகும். மூன்று ஆண்டுகளாக உங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்றால், பெயர் டிசைனரின் கணக்கில் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

காலாவதி நாள் நெருங்கியிருந்தால் வழக்கைப் பற்றிய யோசனையை ஒத்திவைத்துவிட்டு, பெயர் கைநழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதியாகி நீக்கப்பட்ட .காம் பெயரை அடுத்த 30 நாள்களுக்குள் பழைய உரிமையாளர் மீட்கலாம், ஆனால் அதற்கான கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அந்தக் காலமும் கடந்தால் யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம். ஆகவே, டொமைன் கட்டணத்தை மட்டும் இப்போதே செலுத்துவதாகவும், மற்றத் தொகையை ஏற்கவில்லை என்றும் எழுத்தில் சொல்லி, அதற்குத் தனி ரசீது கேளுங்கள். கூடவே ஒரு பதிவாளர் நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலில் ஒரு கணக்குத் தொடங்கி, பெயரை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். டிசைனர் பயன்படுத்தும் அதே நிறுவனத்திலேயே உங்கள் கணக்கைத் தொடங்குவது நல்லது. பதிவில் உரிமையாளர் மாறினால் வேறு நிறுவனத்துக்கு 60 நாள்கள் மாற்ற முடியாதபடி பூட்டு விழக்கூடும். பெயர் உங்கள் பதிவுக்கு வந்துவிட்டால், பிறகு எப்போது கேட்டாலும் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டை ஐந்து நாள்களுக்குள் பதிவாளர் உங்களுக்குத் தந்தாக வேண்டும்.

அவர் முற்றிலும் மறுத்தால், சர்வதேசத் தகராறு நடைமுறை ஒன்று உண்டு. ஆனால் அதற்கு அந்தப் பெயரில் வணிகக்குறி உரிமை உங்களுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே நடுவர் விசாரிக்கக் கட்டணமே 1,500 டாலர். உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். (.இன் பெயராக இருந்திருந்தால் அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடம் நடுவர் விசாரணை கோரியிருக்கலாம்.) உங்களுக்கு அருகில் உள்ள வழி நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமே இல்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை நுகர்வோர் அல்ல என்கிறது. சுயதொழிலால் பிழைப்பவருக்கு அது தரும் விலக்கு, வாங்கிய பொருள்களைப் பற்றித்தான் வெளிப்படையாகப் பேசுகிறது. எதிர்த்தரப்பு இதை நிச்சயம் கிளப்பும். ஆகவே நீங்கள் தனி ஆளாக நடத்தும் ஸ்டூடியோ அது என்பதையும், குடும்பத்தின் ஜீவனம் அதில்தான் என்பதையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, அதற்கான சான்றுகளையும் இணையுங்கள். இந்த ஒரு பத்தியை எழுதாமல் விட்டதால் மனு தொடக்கத்திலேயே தடுமாறக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தளத்தில் உள்ள படங்களின் மூலப் பிரதிகள் உங்களிடம் இருக்கின்றன என்று நம்புகிறேன். தளத்தின் முழு நகலையும் இன்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். கூகுள் மேப்பில் என் கடைக்கு ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் நூறு போட்டுத் தருவதாக ஒருவர் விலை பேசுகிறார். எல்லோரும் செய்கிறார்களே, நானும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் கொடுத்து எழுதப்படும் விமர்சனம் கூகுள் விதிகளுக்கு எதிரானது. கண்டுபிடிக்கப்பட்டால் அவை நீக்கப்படும், உங்கள் கணக்கின் மீதே கட்டுப்பாடும் வரலாம். போன பணத்தைத் திரும்பக் கேட்கவும் உங்களுக்கு வழி இருக்காது. இணைய விமர்சனங்களைத் திரட்டி வெளியிடும் நிறுவனங்களுக்காக ஐஎஸ் 19000:2022 என்ற தரக் கோட்பாட்டை இந்திய தர நிர்ணய அமைப்பு 2022இல் கொண்டுவந்தது. விமர்சனத்தை விலைக்கு வாங்குவதையே அது கூடாது என்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரே வாரத்தில் வந்த முப்பது விமர்சனங்கள், எல்லாவற்றிலும் ‘சூப்பர் டேஸ்ட், நல்ல சர்வீஸ்’, எழுதியவர்களின் கணக்கைத் தொட்டால் ஒரே நாளில் டெல்லிப் பல் மருத்துவமனைக்கும் சூரத் துணிக்கடைக்கும் இதே ஐந்து நட்சத்திரம். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு கேக் தேடும் தாய் இதைக் கவனிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, கேக் பெட்டியின் மூடிக்குள் விமர்சனப் பக்கத்துக்கான கியூஆர் குறியீட்டை ஒட்டி, மனத்தில் பட்டதை எழுதும்படி எல்லா வாடிக்கையாளரையும் கேளுங்கள். எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். பிடித்தவர்களை மட்டும் பொறுக்கியும் கேட்காதீர்கள். இரண்டையும் விதிகள் தடுக்கின்றன. ‘க்ரீம் உருகிப்போய் வந்தது’ என்று ஒருவர் எழுதினால், நடந்தது என்ன, இனி எப்படி அனுப்புவீர்கள் என்று இரண்டு வரியில் அங்கேயே பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு.

கேள்வி: சென்னையில் வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாதக் கட்டணம் கட்டினால் கட்சிக்காரர்களை அனுப்பித் தருவதாக ஓர் இணைய நிறுவனம் சொல்கிறது. சேரலாமா? சொந்தமாக இணையதளமாவது வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சேராதீர்கள். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆவது விதி, வழக்கறிஞர் விளம்பரம் செய்வதையும் வேலை தேடி அணுகுவதையும் தடுக்கிறது. இப்படிப்பட்ட இணையச் சேவைகள் வழியே வேலை கோரும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டுள்ளது. கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. ஒழுங்கு நடவடிக்கை வந்தால் அது உங்கள் பதிவின் மீது வரும்.

சொந்த இணையதளம் வைத்துக்கொள்ளலாம். 2008இல் அந்த விதியில் செய்த திருத்தத்தின்படி பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறீர்கள் என்பன போன்ற விவரங்களை அதில் தரலாம். வென்ற வழக்குகளின் பட்டியல், கட்சிக்காரர்களின் பாராட்டு, ‘முதல் ஆலோசனை இலவசம்’ போன்றவற்றைத் தவிருங்கள். தளம் செய்து தருபவர்கள் பிற தொழில்களுக்கான மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டும்போது இவை தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே வெளியிடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள். டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் பணம் கட்டி, உங்கள் கையாலேயே பதியுங்கள்; டிசைனருக்குத் தேவையான அனுமதியை மட்டும் பிறகு கொடுத்தால் போதும்.