சாயம் பத்தலையா? கணக்கைப் பாருங்கள்: மைன்கிராஃப்ட் வண்ணக் கேள்வி-பதில்

பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டைப் பற்றி, பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து வந்து குவியும் கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் புலம்பல், "சாயம் பத்தலை." எந்தப் பூவில் எந்த நிறம் என்பது பலருக்கும் மனப்பாடம். பிசகுவது கணக்கில்தான். கிராஃப்டிங் டேபிளில் (பொருள்களைச் சேர்த்துப் புதியது செய்யும் மேசை) சாயங்களைக் கலக்கும்போது எத்தனை உள்ளே போகிறதோ அத்தனையே வெளியே வரும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, மூன்று போட்டால் மூன்று. அங்கே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. லாப நட்டமெல்லாம் சாயத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள், எந்தப் பொருளின் மேல், எந்தக் கட்டத்தில் பூசுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

பத்துமலையின் 272 படிகளை வண்ணத்தோடு கட்ட ஆசை. கான்கிரீட்டில் படிக்கட்டு பிளாக்கே கிடைக்கவில்லையே, வேறு வழி உண்டா அண்ணா? (செந்தூல்)

கிடைக்காது தம்பி. கான்கிரீட்டுக்குப் படிக்கட்டும் இல்லை, ஸ்லாப்பும் (அரை உயர பிளாக்) இல்லை. முழு பிளாக் மட்டும்தான். படிக்கு ஒரு பிளாக் என்று 272-ஐயும் அடுக்கினால் இன்னொரு சிக்கல் வரும். கட்டக்கூடிய உச்ச உயரம் y 319. தரை மட்டம் 64-இல் தொடங்கினால் கடைசிப் படி 335-இல் போய் நிற்கும். அதாவது குகை வாசலுக்கு முன்பே வானம் முட்டிவிடும்.

ஆகவே இரண்டு படிக்கு ஒரு பிளாக் என்று வைத்துக்கொள். 136 வரிசை. எட்டு நிறம் எடுத்தால் நிறத்துக்குச் சரியாக 17 வரிசை விழும்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளம்பச்சை, வெளிர்நீலம், நீலம், கத்தரிப்பூ நிறம், இளஞ்சிவப்பு. 2018-இல் அந்தப் படிகளுக்குப் பூசிய வண்ணத்தில் சாம்பலையும் பழுப்பையும் யாரும் தேடப்போவதில்லை; விட்டுவிடலாம்.

அகலம் 12 என்றால் நிறத்துக்கு 204 பிளாக். கான்கிரீட் பவுடர் ரெசிப்பி 4 மணல், 4 சரளைக்கல், 1 சாயம். எட்டு பிளாக் வரும். அப்படியானால் நிறத்துக்கு 26 சாயம், மொத்தம் 208. மணல் 832, சரளைக்கல் 832, தலா 13 ஸ்டாக் (ஸ்டாக் ஒன்றுக்கு 64). சாயத்தை அடிப்படை நிறங்களாகப் பிரித்தால்:

சிவப்பு 65 (தனக்கு 26; ஆரஞ்சு, கத்தரிப்பூ, இளஞ்சிவப்பு மூன்றுக்கும் தலா 13). நீலம் 52. மஞ்சள் 39. வெள்ளை 39. பச்சை வெறும் 13, அதுவும் இளம்பச்சைக்காக மட்டும்.

வெள்ளைக்கு எலும்பு 13 போதும்; ஓர் எலும்புக்கு மூன்று போன் மீல் (எலும்புத் தூள்), ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைச் சாயம். சிவப்புக்கு பாப்பி பொறுக்கி அலையாதே. ரோஜாப் புதர் ஒன்றுக்கு இரண்டு சாயம், மஞ்சளுக்குச் சூரியகாந்தியும் அப்படியே. இந்த இரண்டு பிளாக் உயரப் பூக்களில் போன் மீல் போட்டால் செடி நின்றபடியே இன்னொரு பூ கீழே விழும். ஒரே ஒரு ரோஜாப் புதரை வீட்டருகே நட்டு 33 போன் மீல் போட்டால் 66 சிவப்புச் சாயம் கையில். (சூரியகாந்தி எப்போதும் கிழக்கையே பார்த்து நிற்கும். திசை தெரியாமல் திண்டாடும்போது அதுவே திசைகாட்டி.)

பவுடரைக் கெட்டியாக்கத் தண்ணீர் படவேண்டும். மழை பட்டால் ஆகாது. ஓடும் தண்ணீரோ தேங்கிய தண்ணீரோ பக்கத்தில் இருக்கும்படி வைத்தால் அந்த நொடியே கான்கிரீட் ஆகிவிடும். தண்ணீர் ஓரமாக நின்று, பவுடரை வைத்து, பிக்கேக்ஸால் உடைத்துச் சேர்த்துக்கொள். வெறுங்கையால் உடைத்தால் பிளாக் காணாமல் போய்விடும், திரும்பக் கிடைக்காது. பவுடர் மணலைப் போலக் கீழே விழும் சாதி. டார்ச் மேல் விழுந்தால் பிளாக்காக நிற்காமல் பொருளாகச் சிதறும். படிக்கட்டில் நேரடியாகப் பவுடரை வைத்துவிட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றுவது சோம்பேறி வழி. வேலை ஆகும், ஆனால் தண்ணீர் எட்டாத மூலைகள் பவுடராகவே நிற்கும். பிறகு அடியில் ஏதாவது தோண்டும்போதுதான் சரிந்து தெரியவரும்.

அருகே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு மஞ்சள் டெரகோட்டா வேண்டாம். அது கடுகு நிறத்தில் மங்கி நிற்கும். மஞ்சள் கான்கிரீட்டோடு இடையிடையே தங்க பிளாக் வைத்தால் எடுப்பாக இருக்கும்.

தீபாவளிக்கு 32-க்கு 32 அளவில் கார்பெட்டால் கோலம். கம்பளிக்குச் சாயம் போட்டே கை ஓய்ந்துவிட்டது. (பிரிக்பீல்ட்ஸ்)

பேரங்காடி முற்றங்களில் போடும் வண்ண அரிசிக் கோலத்துக்குக் கார்பெட் நல்ல தேர்வு. ஆனால் முறை தலைகீழாக இருக்கிறது.

கம்பளி ஒன்றுக்குச் சாயம் ஒன்று. இரண்டு கம்பளிக்கு மூன்று கார்பெட். 1,024 கார்பெட்டுக்கு 684 கம்பளி, ஆக 684 சாயம். இதையே போனில் ஓடும் பெட்ராக் பதிப்பில் முதலில் வெள்ளைக் கார்பெட்டாக்கிப் பிறகு எட்டு கார்பெட்டை வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு சாயம் வைத்தால் எட்டும் நிறம் மாறும். 128 சாயத்தில் முடிந்தது. கணினியின் ஜாவா பதிப்பில் 1.20 முதல் இந்த வழி இல்லை, கார்பெட் ஒன்றுக்குச் சாயம் ஒன்று.

இதைவிடச் சிக்கனம், ஆட்டுக்கே சாயம் போடுவது. ஓர் ஆட்டுக்கு ஒரு சாயம் ஒருமுறை போதும். கத்தரித்தால் 1 முதல் 3 கம்பளி; மறுபடி முளைப்பதும் அதே நிறம். ஆறு நிறத்துக்கு நிறத்துக்கு இரண்டு ஆடு என்றால் செலவு 12 சாயம், அவ்வளவுதான். வெட்டிக் கொன்றால் ஒரு கம்பளியோடு கதை முடிந்தது.

நிறம் தப்பிப்போனால் பதறவேண்டாம். ஜாவா பதிப்பில் 1.20 முதல் எந்த நிறக் கம்பளியையும் கார்பெட்டையும் கட்டிலையும் வேறு நிறத்துக்கு மாற்றலாம். கான்கிரீட்டுக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சலுகை இல்லை.

கோல நடுவில் விளக்குக்கு மெழுகுவர்த்தி வையுங்கள். ஒரு பிளாக்கில் நான்கு வரை நிற்கும், சாயமும் ஏற்கும். பற்றவைக்கும்போது மட்டும் கவனம்: ஃபிளின்ட் அண்ட் ஸ்டீல் (தீமூட்டும் கருவி) குறி தவறிக் கார்பெட் பக்கம் பட்டால் கோலமே எரிந்துவிடும்.

ஆட்டுக்குச் சாயம் போட்டு ஒருமுறை கத்தரித்தேன். அதன்பிறகு மயிரே முளைக்கவில்லை. (செராஸ்)

கொட்டிலின் தரை என்ன? பலகையோ கல்லோ போட்டிருப்பீர்கள். ஆடு புல் தின்றால்தான் முளைக்கும். தின்ற இடம் மண்ணாகும், பக்கத்துப் புல் பரவி மூடும். இடம் சிறிதாக இருந்து ஆடு அதிகமானால் எல்லாமே மண்ணாகிப் போகும். நாலைந்து ஆட்டுக்கு ஐந்துக்கு ஐந்து புல்தரை விடுங்கள்.

பழைய வீடியோவில் லாபிஸை (நீலக் கல்) நேரடியாகக் கம்பளியோடு வைக்கிறார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. (செத்தாபாக்)

அது 2019-க்கு முந்தைய வீடியோ. 1.14-க்குப் பிறகு ஜாவாவில் லாபிஸ், போன் மீல், கணவாய் மை, கோக்கோ விதை நான்கும் சாயமல்ல, சாயத்துக்கான மூலப்பொருள். முதலில் டேபிளில் வைத்து நீலம், வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று மாற்றிக்கொண்டு பிறகு பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு ஒன்றுதான், இழப்பு இல்லை. நீலத்துக்கு லாபிஸைக் கரைப்பதை மட்டும் தவிருங்கள். அது என்சான்ட்மென்ட்டுக்கு (கருவிகளுக்கு மந்திர சக்தி ஏற்ற) வேண்டும். சமவெளியில் கிடைக்கும் கார்ன்ஃபிளவர் அதே நீலத்தைத் தரும்.

கள்ளியை ஸ்மோக்கரில் போட்டால் ஏற்கமாட்டேன் என்கிறது. (கெப்போங்)

ஸ்மோக்கர் சாப்பாட்டுக்கு, பிளாஸ்ட் ஃபர்னஸ் உலோகத்துக்கு. கள்ளி இரண்டிலும் சேராது, சாதாரண ஃபர்னஸ்தான். ஒன்றுக்கு 10 விநாடி, 64 கள்ளிக்கு 10 நிமிடம் 40 விநாடி, நிலக்கரி 8. நான்கு ஃபர்னஸில் பதினாறு பதினாறாகப் பிரித்தால் மூன்று நிமிடத்துக்குள் ஆகிவிடும்.

பச்சைக்குப் பூவே இல்லை, கலவையும் இல்லை. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்பது ஓவிய வகுப்புப் பாடம். இந்த விளையாட்டில் அப்படி ஒரு ரெசிப்பி கிடையாது. ஆகவே பச்சை, இளம்பச்சை, சியான் மூன்றும் கள்ளியை நம்பித்தான் இருக்கின்றன. (இளம்பச்சைக்குக் கடலில் கிடைக்கும் சீ பிக்கிளைச் சுடலாம், சியானுக்குப் பிட்சர் பிளான்ட் உண்டு. இரண்டையும் தேடுவதற்குள் கள்ளித் தோட்டமே வளர்ந்துவிடும்.)

தோட்டத்தில் ஒன்று: நாலு பக்கமும் காலியாக இருந்தால்தான் கள்ளி நிற்கும், சதுரங்கக் கட்டம்போல ஒன்றுவிட்டு ஒன்று நடுங்கள். அறுத்த துண்டு பக்கத்துக் கள்ளிமேல் பட்டால் அழிந்துவிடும். நெருக்கி நட்டவர்களுக்குப் பாதி விளைச்சல் மாயமாவது இதனால்தான்.

கத்தரிப்பூ நிறம் கேட்டால் மெஜன்டா வருகிறது. எது ஊதா, எது மெஜன்டா? (பட்டர்வொர்த்)

குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. ஒருவர் ஊதா என்பதை இன்னொருவர் கத்தரிப்பூ என்பார், மூன்றாமவர் நீலம் என்றே சொல்லிவிடுவார். விளையாட்டில் பார்ப்பிள் என்பது கத்தரிக்காய்த் தோல் நிறம். நீலமும் சிவப்பும் ஒன்றுக்கு ஒன்று. மெஜன்டா வாடாமல்லி நிறம். பார்ப்பிளோடு இளஞ்சிவப்பு ஒன்று. மொத்தமாக வேண்டுமானால் நீலம் 1, சிவப்பு 2, வெள்ளை 1 சேர்த்து நேரடியாக நான்கு எடுக்கலாம். இரண்டு வழியிலும் செலவு ஒன்றே. கை வேலைதான் குறையும். நீலமும் சிவப்பும் மட்டும் வைக்க நினைத்து வெள்ளையும் ஒரு சிவப்பும் கூடுதலாக டேபிளில் கிடந்திருக்கும், பாருங்கள். லைலாக் பூவில் நேரடியாக இரண்டு மெஜன்டா கிடைக்கும்.

வெளிர்சாம்பலில்தான் வழியைப் பொறுத்துச் செலவு மாறும். கறுப்பு 1, வெள்ளை 2 என்று நேரடியாகச் செய்தால் மூன்று. முதலில் சாம்பல் செய்து அதில் வெள்ளை சேர்த்தால் ஒரே கறுப்பில் நான்கு. கறுப்பு மைக்காகச் சோத்தோங் (கணவாய்) பிடிக்கக் கடல் தூரமென்றால் இரண்டாவது வழி.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் கட்டுகிறேன். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குச் சாயம் கொட்டுகிறது. (ஆயர் ஈத்தாம்)

கார்பெட்டுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இங்கே. மெல்லிய கண்ணாடித் தகடான பேனுக்குச் சாயம் போடாதீர்கள். கண்ணாடி பிளாக்குக்கு முதலில் போடுங்கள். எட்டு கண்ணாடிக்கு ஒரு சாயம், ஆறு கண்ணாடிக்கு 16 பேன். 24 கண்ணாடிக்கு மூன்று சாயம் போட்டு வெட்டினால் 64 பேன். வெட்டிய பிறகு போட்டால் அதே 64-க்கு எட்டுச் சாயம்.

லீத் தெருவின் நீல மாளிகையையும் சேர்த்துக் கட்டினால் நீல டெரகோட்டாவைச் சுவர் முழுக்கப் பூசாதீர்கள். சாம்பல் கலந்து அழுக்காகத் தெரியும். நீலக் கான்கிரீட்டைப் பெரும்பகுதி வைத்து, ஆங்காங்கே நீலக் கம்பளி செருகினால் அவுரி கலந்த சுண்ணாம்புச் சுவரின் ஏற்ற இறக்கம் வரும். கம்பளி தீப்பிடிக்கும், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

மெர்டேக்காவுக்கு ஜாலூர் கெமிலாங் (மலேசியக் கொடி) பேனர் செய்ய முடியுமா? (வங்சா மாஜு)

பேனரில் முடியாது. லூமில் (தறி) ஒரு பேனருக்கு ஆறு வடிவம்தான் ஏற்றலாம். வெள்ளையில் சிவப்புக் குறுங்கோடுகள், அதன்மேல் மூலையில் நீலச் சதுரம், அதுவரைதான் ஒப்பேறும். பின்னால் போடுவது முன்னதை மறைக்கும், ஆகவே நீலத்தைக் கடைசியில் போடுங்கள். பிறையும் நட்சத்திரமும் மூலைக்குள் வராது; அந்த வகைச் சின்னங்கள் நடுவில்தான் விழும்.

சுவரில் கட்டுங்கள். உயரம் நீளத்தில் பாதி, கோடுகள் 14, மேலே சிவப்பு, அடியில் வெள்ளை, நீலப் பகுதி மேலிருந்து எட்டுக் கோடு இறங்கும். கோட்டுக்கு ஒரு பிளாக் வைத்தால் 14 முனை நட்சத்திரம் அடங்காது. கோட்டுக்கு இரண்டு வைத்து 28-க்கு 56 கட்டுங்கள். நீலப் பகுதியைப் பாதி நீளத்துக்கு வைத்தால் சிவப்பு 560, வெள்ளை 560, நீலமும் மஞ்சளும் சேர்ந்து 448. கான்கிரீட்டில் சிவப்புச் சாயம் 70, வெள்ளை 70, மீதிக்கு 56-57.

மகன் போனில் விளையாடுகிறான். தோல் கவசத்துக்கு டேபிளில் சாயம் ஏறவில்லை என்று அழுகிறான். (ஜாலான் ஈப்போ)

போனில் ஓடுவது பெட்ராக் பதிப்பு. அதில் கால்ட்ரனில் (கொப்பரை) தண்ணீர் நிரப்பி, சாயத்தைப் போட்டு, கவசத்தை அதில் தோய்க்கவேண்டும். டேபிளில் வைப்பது கணினி ஜாவாவுக்கு. ஜாவாவில் கால்ட்ரன் தண்ணீர் நேர்மாறாகப் போட்ட சாயத்தைக் கழுவிவிடும், ஆகவே யார் சொன்ன குறிப்பு என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழுப்புக்குக் கோக்கோவைத் தவிர வேறு? (பாயான் லெப்பாஸ்)

இல்லை. காட்டு மரத்தின் (ஜங்கிள் வகை மரம்) பக்கவாட்டில்தான் விதை ஒட்டும். காட்டு மரக் கட்டையை வீட்டுக்கு வெட்டி வந்து நட்டு நான்கு பக்கமும் ஒட்டுங்கள். காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் ஒரே விதை. ஆரஞ்சுப் பழுப்பாக முற்றிய பிறகு பறியுங்கள்.

ஒரு பெட்டி நிறையச் சாயம் மிச்சம். என்ன செய்வது? (செந்தூல்)

கிராமத்தில் லூம் ஒன்றை வையுங்கள், வேலையில்லாத ஒருவர் இடையர் ஆவார். அவர் 12 சாயத்துக்கு ஒரு எமரால்டு தருவார். எல்லா நிறத்தையும் வாங்கமாட்டார். எந்த நிறம் கேட்கிறார் என்று பார்த்துவிட்டு, இருப்பதை அதற்கேற்பக் கலந்து கொண்டுபோங்கள்.