மகாராஜா ஏன் ஓடுகிறார்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படத்தின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பவனி வருகிறதே, அதைப் பார்த்தேன். எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் காலத்தில் ராஜா பவனி இப்படியா போகும்?

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மகன் சிரித்ததில் தப்பில்லை. மௌனப்படக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். மாவாட்டுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றவேண்டும். ஒரு சுற்றுக்கு ஃபிலிமில் எட்டுப் படம் பதியும், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக நொடிக்கு 16 படம். பேசும்படம் வந்தபிறகு நொடிக்கு 24 என்று ஆகிவிட்டது. பழைய ஃபிலிமை அந்தக் கணக்கில் ஓட்டினால் ஒன்றரை நிமிடப் பவனி ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். சுற்றுகிறவர் கை ஓய்ந்து மெதுவாகச் சுற்றியிருந்தால் திரையில் ராஜா இன்னும் பறப்பார்!

திருவிதாங்கூர் பவனியின் நடை தெரிய உங்களுக்கு சினிமாவே வேண்டாம். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துத் திருவனந்தபுரத்துக்கு மூன்று நாள். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் நெய்யாற்றின்கரை. உங்கள் ஊர் வழியாகத்தான் எல்லை தாண்டுகிறது. யாரோ பழம் நீட்டுவார்கள், யானை நிற்கும், பின்னால் நிற்கிற பஸ் ஹார்ன் அடிக்கும். யானை அசையுமா?

எனக்கு வியப்பு, அந்த ஃபிலிம் மிஞ்சியதுதான். எடுத்தவர் நம்ம நாகர்கோவில் சுந்தர்ராஜ். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவல்தான் கதை. அதன் உரிமையோ கமலாலயா புத்தக நிலையத்தாரிடம் இருந்தது. திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் திரையிட்ட கையோடு வழக்கு. படம் முடங்கியது, போட்ட காசும் போச்சு. ஃபிலிம் பெட்டி புத்தகக்காரர்களிடமே கிடந்து, 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்தே போயிருக்கும். அகஸ்தீஸ்வரம் ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்' அதே கேபிட்டலில் ஓடியதுதான். இன்று ஒரு சுருள்கூட இல்லை. வழக்குப் போட்டவர்களுக்கு நான் நன்றிதான் சொல்வேன், சுந்தர்ராஜ் பொறுத்துக்கொள்ளட்டும்.

செல்போனில் வேகத்தை 0.75 என்று வையுங்கள். நொடிக்கு 18 ஆகும், ஏறக்குறைய சரியாக வரும். யாராவது பின்னணி இசை சேர்த்திருந்தால் சத்தத்தை அணைத்துவிடுங்கள். அந்த வேகத்தில் வயலின் இழுவையைக் கேட்டு மகன் மறுபடி சிரிப்பான்.