வேலைக்குப் போய்க்கொண்டே மண்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ள முடியுமா?

வாரம் ஐந்து நாள் அலுவலகம், வாடகைக்கு ஒரு அடுக்குமாடி வீடு. இந்த நிலையில் மண்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ள முடியுமா, வீட்டிலேயே செய்ய முடியுமா, பிற்பாடு விற்றுச் சம்பாதிக்கலாமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முடியும், பாதி முடியும், அவசரப்படாதீர்கள்.

நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மண் வேலை எல்லாம் சனி, ஞாயிறும் சில இரவுகளும்தான். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

நேரம் போதுமா என்று யோசிக்கிறவர்கள் சக்கரத்தில் உட்காரும் நேரத்தை மட்டும்தான் கணக்குப் போடுகிறார்கள். ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆகாதா என்பார்கள். கை பழகிய பிறகு ஒரு காபிக் கோப்பையை எழுப்பப் பத்து நிமிடம்கூட வேண்டாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அப்போதுதான் வனைந்த கோப்பையின் அடியைச் சீவி மெலிதாக்க முடியாது. கையில் தூக்கினால் நெளியக் கூடாது, அதே சமயம் சீவுளி வைத்தால் மண் சுருள் சுருளாக உரிந்து வரவேண்டும். அந்தப் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடி ஒட்டுவதும் அதே பதத்தில்தான். ஞாயிறு வனைந்த கோப்பைக்கு அந்தப் பதம் திங்கள் மதியமோ செவ்வாய் காலையோ வரும். நீங்கள் அப்போது மீட்டிங்கில் இருப்பீர்கள். மாலையில் வந்து பார்த்தால் விளிம்பு வெளுத்து இறுகிப் போயிருக்கும். அதில் ஈரமான கைப்பிடியை வைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், காயக் காயப் பிரிந்துவிடும். ஈர மண் இனிமேல்தான் சுருங்கப் போகிறது, காய்ந்த மண் ஏற்கெனவே சுருங்கி முடித்துவிட்டது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்?

ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு வனைவதைவிட முக்கியமான வித்தை, காய்வதைத் தள்ளிப்போடுவது. நான் பார்த்த வகுப்புகளில் இதை யாரும் முதல் நாள் சொல்லித் தருவதில்லை. மற்ற நாள் வேலைகளை ஸ்டுடியோக்காரர்களே பார்த்துக்கொள்வதால் மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வழி எளிதுதான். மீன் கடையில் வீணாகக் கிடக்கும் மூடி போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்குங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி இறுகவிடுங்கள். பிறகு அந்தப் பிளாஸ்டர் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மேலே பாண்டங்களை வைத்து மூடிவிடுங்கள். உள்ளே ஈரக்காற்று நிற்கும். ஞாயிறு வைத்த கோப்பை அடுத்த சனிக்கிழமையும் சீவுகிற பதத்தில் இருக்கும். (எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை கொஞ்ச நாள் இருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.) பெட்டிக்கு இடமில்லை என்றால் சலவைக் கடையில் துணி மூடித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போதும். விளிம்புதான் முதலில் காயும் என்பதால் அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் போட்டுவிட்டு, கீழ்ப்பாகத்தைத் திறந்து வைக்கலாம். கொஞ்சம் இறுகியதும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அடியும் விளிம்பும் ஒரே சீராகக் காயும்.

சென்னையில் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக் கணக்கில் ஈரம் போகாது. கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வைத்தது அன்று மாலையே விரிசல் விட்டிருக்கும். ஏசி அறை அதைவிட மோசம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டில் சக்கரம் வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கருத்து, குறைந்தது முதல் வருடம். பலர் வீடியோவில் சுழல்கிற சக்கரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள், தப்பில்லை. ஆனால் சக்கரத்தில் முதல் பல வாரங்கள் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகுவதிலேயே போய்விடும். அதற்குக் கை பலம் உதவாது. முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றி, உடம்பு எடையைச் சாய்த்து, கையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். இது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தோளைப் பிடித்துத் திருத்தினால்தான் வரும். அதை வார இறுதியில் ஸ்டுடியோவில் பழகுங்கள்.

வீட்டு இரவுகளுக்குக் கையால் செய்யும் முறைகள்தான் பொருத்தம். ஒரு உருண்டையைக் கட்டை விரலால் குடைந்து கிள்ளிக் கிள்ளிக் கிண்ணமாக்குவது, மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிப் பூசி எழுப்புவது, தகடாகத் தேய்த்து வெட்டி ஒட்டுவது. தகடு ஒரே கனத்தில் வர, இரண்டு பக்கமும் ஒரே உயரக் கட்டைகளை வைத்து நடுவில் மண்ணைப் போட்டு உருட்டுங்கள். அதற்கென்று தனியாக ஒரு பூரிக்கட்டை வாங்கிவிடுங்கள், அடுக்களையில் இருப்பதை எடுக்க வேண்டாம். தகட்டின் மேல் சாக்குத் துணி, பூவரசு இலை, பழைய புடவையின் ஜரிகைக் கரை என்று எதை அழுத்தினாலும் அச்சு விழும். இந்த வேலையை எந்த நிமிடத்திலும் நிறுத்தி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். பாதி எழும்பிய குடத்தைச் சக்கரத்தில் விட்டுவிட்டு எழுந்து போக முடியாது.

பிசைவதைப் பற்றி ஒரு வார்த்தை. சப்பாத்தி மாவு போல மடித்து மடித்துப் பிசைந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மண்ணை மடிக்காமல் முன்னே தள்ளி, உருட்டி இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். நின்றுகொண்டு செய்யுங்கள், இடுப்பு தப்பிக்கும். காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் வெடிக்க வைப்பது காற்றல்ல, உள்ளே காயாமல் நின்ற ஈரம். அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல்தான் பாண்டம் சிதறுகிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

அடுக்குமாடிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. மண் கையை சிங்க்கில் கழுவாதீர்கள். மண் குழாய் வளைவில் படிந்து, ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். வாளியில் கழுவி, தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடி மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தவறிப்போன பாண்டங்களும் அதே வாளிக்குத்தான். ஆனால் முழுக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் போடுங்கள். காய்ந்தது தானே பொடிந்து கரையும், அரை ஈரமானது கட்டி கட்டியாக அப்படியே நிற்கும். இன்னொன்று தூசி. களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக் கணக்கில் நுரையீரலுக்குப் போனால் சரிசெய்ய முடியாத கெடுதல். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஈர ஸ்பாஞ்சால் வழவழப்பாக்குங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

சூளை? வாடகை வீட்டில் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மின்சார லோடு, புகை, வீட்டு உரிமையாளர் என்று எல்லாமே எதிராக நிற்கும். ஒரு முறை சுட எட்டுப் பத்து மணி நேரம், ஆற அதற்கும் மேலே. அவசரப்படுத்தவும் முடியாது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் உருமாறிச் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டினால் பாண்டம் கீறிவிடும். பல ஸ்டுடியோக்கள் அளவையோ எடையையோ கணக்கிட்டுச் சுட்டுத் தருகின்றன. மண் மலிவுதான், செலவு முழுக்கச் சுடுவதில். அதனால் செய்ததையெல்லாம் சுடக் கொடுக்காதீர்கள். பத்தில் இரண்டைச் சுட்டு, மீதியை வாளியில் போடும் மனசு வந்துவிட்டால் செலவும் அலமாரி இடமும் மிஞ்சும்.

சுடக் கொடுக்கும் முன் மறக்காமல் கேட்க வேண்டியது, உங்கள் மண் அவர்கள் சூட்டுக்குத் தாங்குமா என்பது. நம் ஊர்ச் சிவப்பு மண் பொதுவாக 1,000 டிகிரிக்குப் பக்கத்தில் சுடப்படுவது. ஸ்டோன்வேர் மண், அதாவது சுட்டால் கல் போல இறுகும் வகை, 1,200 டிகிரிக்கு மேல் போகும். சிவப்பு மண் பாண்டம் தெரியாமல் அந்தச் சூளைக்குள் போனால் உப்பி, உருகி, பாண்டங்களை அடுக்கும் சூளைத் தட்டையும் கெடுத்துவிடும். அதற்கப்புறம் அந்த ஸ்டுடியோ பக்கம் போக முடியாது. இன்னொரு விஷயம், முழுக்கக் காய்ந்த, சுடாத பாண்டத்தை பைக்கில் கொண்டுபோகாதீர்கள். முதல் வேகத்தடையிலேயே போய்விடும். சீவுகிற பதத்திலேயே கொண்டுபோய் அங்கே காயவிடுங்கள், அப்போது அதற்குக் கொஞ்சம் தாங்கும் சக்தி இருக்கும். கடைகளில் கிடைக்கும், சுடாமலே காய்ந்து இறுகும் கைவினைக் களிமண் வேறு. அதில் அலங்காரப் பொருள் செய்யலாம், காபி குடிக்க முடியாது.

விற்பனை பற்றி. நண்பர்களுக்கு நாலு கோப்பை கொடுத்ததும், 'என் பெண்ணுக்குப் பிறந்தநாள், ரிட்டர்ன் கிஃப்டுக்கு முப்பது வேணும்' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். நான் மறுத்துவிடுகிறேன். ஒரு கோப்பை பிசைவது, வனைவது, சீவுவது, கைப்பிடி, முதல் சூடு, கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு), இரண்டாம் சூடு என்று ஏழு தடவை கைக்கு வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சில போகும். முப்பது வேண்டுமென்றால் நாற்பதாவது செய்ய வேண்டும், அதுவும் ஒரே மாதிரி, தேதிக்குள். அது இரண்டாவது வேலை, முதல் வேலைக்கு மாற்று அல்ல. வருடத்தில் ஒரு சந்தையில், அதுவரை சேர்ந்ததை வைத்து விற்பது வேறு விஷயம், மண், சுடும் செலவு திரும்பினாலே சந்தோஷம். நீங்கள் அரசு வேலையில் இருந்தால் அதற்கும் முன் நடத்தை விதிகளைப் பார்த்து, தேவையான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடும் பாத்திரம் விற்பவர்கள் கிளேஸில் ஈயம் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்யாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

'கிரியேட்டிவாக இருக்குமா' என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். முதலில் இருக்காது. ஆரம்பத்தில் செய்வது எல்லாருடையதும் ஒரே மாதிரி கனமான சாம்பல் கிண்ணம்தான். எனக்குப் பிடித்தது வேறு: கை முழுக்க மண் என்பதால் இரண்டு மணி நேரம் போனை எடுக்க முடியாது. மேலாளர் அழைத்தாலும் மூக்கால்தான் எடுக்க வேண்டும்.

எங்கே கற்பது? நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. ஸ்டோன்வேர் பக்கம் ஆர்வம் என்றால் புதுச்சேரிதான் ஊற்று. அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பக்கமும் ஆரோவில்லிலும் இருக்கும் ஸ்டுடியோக்களில் பலவற்றின் வேர் அங்கேதான் போய் நிற்கும். சென்னையில் வார இறுதி வகுப்புகள் நிறைய. சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: வார நாளில் மாலை வந்து சீவவும் ஒட்டவும் இடம் தருவீர்களா? இல்லை என்றால் நீங்கள் வனைந்ததை வேறொருவர் முடிப்பார், அவ்வளவுதான். இரண்டு மணி நேர 'அனுபவ' வகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கட்டணத்தில் தை மாதத்தில் பத்துப் பொங்கல் பானை வாங்கி, அவற்றைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

அதனால்தான் வேளார் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள் என்கிறேன். மதுரைப் பக்கம் விளாச்சேரி, கொலு பொம்மைக்குப் பேர் போனது. வேலூர்ப் பக்கம் கரிகிரி. கடம் செய்யும் மானாமதுரை, அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பானையின் உருண்டை அடி சக்கரத்தில் வருவதில்லை. சக்கரத்தில் கனமாக எழுப்பி, கொஞ்சம் இறுகவிட்டு, உள்ளே ஒரு கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டையும் அந்த மெல்லிய கனமும் வருகின்றன. ஸ்டுடியோவில் இதைச் சொல்லித் தருவது அபூர்வம். தட்டுவதற்கும் மண் சரியான பதத்தில் இருக்க வேண்டும், அவர்கள் வெயிலுக்கும் நிழலுக்கும் பானையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள், சும்மா படம் எடுத்துவிட்டு வராமல் இரண்டு சட்டியாவது வாங்குங்கள். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். அகலும் பானையும் குவிந்து கிடக்கும், உங்களிடம் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.