“இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே?” என்று நடுவர் கேட்டால்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆண்டுதோறும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். மாவட்டத்தோடு திரும்பி வந்துவிடுகிறோம். போன முறை ‘நீர் மாசுபாடு’ என்று செய்தோம். “இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே?” என்று நடுவர் கேட்டதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். மற்ற பள்ளிகள் ஃப்ளெக்ஸ், லேப்டாப் என்று வருகின்றன. எங்களிடம் பெரிய கருவிகள் இல்லை. கடைசி பீரியடுக்கு அப்புறம் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது, பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊரில் ராகி, துவரை, கொள்ளு விவசாயம். மாநில அளவுக்குப் போக எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்:

டீச்சர், நடுவர் கேட்ட விதம் கொஞ்சம் கடுமைதான். ஆனால் அவர் தொட்ட இடம் சரி. ‘நீர் மாசுபாடு’ என்பது தலைப்பு. அதில் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியது என்று எதுவும் இல்லை. “எங்கள் தெருவின் மூன்று கைப்பம்புகளில் எதன் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது, ஏன்?” என்று கேட்டிருந்தால் அதற்கான விடை எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது.

இந்த மாநாடு 1993-லிருந்து தேசிய அளவில் நடக்கிறது. தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், பள்ளியை விட்டு நின்றவர்கள்கூட, கலந்துகொள்ளலாம் என்ற நோக்கத்தோடு அமைந்தது. அறிவியல் கண்காட்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல பள்ளிகள் கவனிப்பதில்லை. கண்காட்சியில் மாடல் ஓடினால் கைதட்டுவார்கள். இங்கே பிள்ளைகள் தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையைப் பார்த்து, அளந்து, எண்ணி, ஒரு முடிவுக்கு வந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கருவி இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். பன்னிரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முக்கியத் தலைப்பை வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றாக அறிவிப்பார்கள். 2014, 2015-ல் வானிலையும் காலநிலையும் தலைப்பு. 2022, 2023-ல் சூழல் அமைப்பும் உடல்நலமும். அதன் கீழ் உபதலைப்புகள் இருக்கும். பாரம்பரிய அறிவு அடிக்கடி அதில் ஒன்றாக வந்திருக்கிறது. கையேட்டில் மாதிரித் திட்டங்கள் நிறைய இருக்கும். அவற்றை அப்படியே எடுக்காதீர்கள், அதே திட்டத்தோடு இன்னும் நாலு பள்ளிகள் வந்து நிற்கும்.

உங்கள் ஊரில் துவரை இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் செம்மண் கட்டுகிற வழக்கமும் இருக்கும், அல்லது பாட்டிமார்களுக்காவது நினைவிருக்கும். முழுத் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தால் வண்டு விழாது என்பார்கள். சில வீடுகளில் செம்மண்ணுக்குப் பதில் வேப்பிலை போடுவார்கள். இரண்டில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

இதற்குப் பயறு வண்டு மிகவும் தோதான பூச்சி. பெண் வண்டு விதையின் மேல் தோலில் வெள்ளைப் புள்ளி போல முட்டையை ஒட்டவைக்கும், கண்ணாலேயே பார்க்கலாம். புழு நேராக விதைக்குள் துளைத்துப் போய் உள்ளேயே தின்று வளரும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். ஓட்டை விழுந்த விதைகளை எண்ணினால் சேதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மைக்ராஸ்கோப் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: முழுத் துவரையாக இருக்கட்டும், உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது.

இனி பாட்டில்களுக்கு வருவோம். பெரும்பாலான அணிகள் செம்மண் கட்டிய துவரை ஒரு பாட்டில், ஒன்றும் செய்யாத துவரை ஒரு பாட்டில் என்று வைத்து, “செம்மண் காப்பாற்றுகிறது” என்று எழுதிவிடும். மாநில நடுவர் ஒரே கேள்வியில் இதைக் கவிழ்த்துவிடுவார்: “காப்பாற்றியது செம்மண்ணா, வெயிலா?” செம்மண் கட்டிய துவரை நாள் முழுக்க வெயிலில் காய்ந்திருக்கிறது. தானியத்தில் ஈரம் குறைந்தாலே வண்டு பெருகுவதும் குறையும். மற்ற பாட்டிலில் இருந்த துவரை காயவே இல்லை. அப்படியானால் எதை எதோடு ஒப்பிட்டோம்?

அதனால் நான்கு வகை வையுங்கள். ஒன்றும் செய்யாத துவரை; வெறும் தண்ணீரில் புரட்டி, செம்மண் துவரையோடு சேர்த்து அதே வெயிலில் அதே நேரம் காயவைத்த துவரை; செம்மண் கட்டியது; நிழலில் உலர்த்திய வேப்பிலை போட்டது. பச்சை வேப்பிலை போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கதையே மாறிவிடும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று பாட்டில், ஒரு பாட்டிலில் எண்ணி 200 விதை. ஒவ்வொன்றிலும் பத்து வண்டு விட்டு, மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். ஆண் பெண் பிரிப்பது பிள்ளைகளுக்குச் சிரமம். மூன்று மூன்று பாட்டில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம், ஒரு பாட்டிலில் பெண் வண்டு அதிகமாக விழுந்திருந்தாலும் மற்ற இரண்டு அதைக் காட்டிக்கொடுக்கும்.

தொடங்கும் முன், துவரை முழுவதையும் யார் வீட்டு ஃப்ரிட்ஜிலாவது ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். பயறு வண்டு வயலிலேயே முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடும் ஆசாமி. நீங்கள் விட்ட பத்து வண்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

பத்தாம் நாள் முட்டை, நாற்பதாம் நாள் ஓட்டை. இரண்டு நாளும் அணியின் இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக எண்ணட்டும். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதிவிட்டு, மறுபடி எண்ணியதையும் எழுதட்டும். அரை மணியில் பன்னிரண்டு பாட்டிலும் முடியாது. முதல் நாள் ஆறு, மறுநாள் ஆறு என்று பிரித்துக்கொள்ளுங்கள், நாலு வகையிலிருந்தும் கலந்து எடுத்து. முதல் நாள் செம்மண், மறுநாள் வேப்பிலை என்று பிரித்தால் அதுவே ஒரு பிழையாகிவிடும்.

இப்படி வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 200 விதையில் ஓட்டை விழுந்தவை: ஒன்றும் செய்யாதது 121, 148, 107. தண்ணீரில் புரட்டிக் காயவைத்தது 96, 133, 89. செம்மண் 18, 31, 14. வேப்பிலை 90, 139, 84. சராசரி போட்டால் முறையே 125, 106, 21, 104. பிள்ளைகள் உடனே “வேப்பிலையும் குறைக்கிறது டீச்சர்” என்று துள்ளுவார்கள். நிறுத்துங்கள். வேப்பிலை 84-லிருந்து 139 வரை போகிறது. ஒன்றும் செய்யாதது 107-லிருந்து 148 வரை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் எண்களை வைத்து வேப்பிலை வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. செம்மண்ணின் உச்ச எண்கூட வெயிலில் மட்டும் காய்ந்த துவரையின் மிகக் குறைந்த எண்ணுக்கு வெகு கீழே இருக்கிறது. அதைத் தைரியமாகச் சொல்லலாம். “எங்கள் சோதனையில் வேப்பிலை பற்றி முடிவுக்கு வர முடியவில்லை” என்று ஒரு சிறுமி மேடையில் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். பாதிக்கு மேற்பட்ட அணிகள் இந்த வாக்கியத்தைச் சொல்லப் பயந்தே தோற்கின்றன என்பது என் எண்ணம்.

இதோடு இரண்டு சின்ன வேலைகளைச் சேருங்கள். ஒவ்வொரு வகையிலும் 50 விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பாருங்கள், விதைக்காக எடுத்துவைக்கும் விவசாயிக்கு அதுதான் முக்கியம். தெருவில் சில வீடுகளில் யார் இன்னும் செம்மண் கட்டுகிறார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்டு வரட்டும். “யார் உட்கார்ந்து கழுவுவது?” என்று பதில் வந்தால் அதை அப்படியே எழுதட்டும். ‘இதற்கு முன் யார் செய்திருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு வண்டைப் பிடிக்கத் தனிப் பொறியே வடிவமைத்திருப்பதைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள், விவரம் சொல்வார்கள்.

குறிப்பேடு பற்றி ஒரு வார்த்தை. கடைசி வாரத்தில் ஒரே பேனாவில் அழகாகப் படியெடுத்த நோட்டை நடுவர்கள் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். தேதி, யார் எண்ணியது, அன்று மழையா வெயிலா, பாட்டில் கைதவறி உடைந்ததா, எல்லாம் அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். தவறு வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், ஒயிட்னர் வேண்டாம். அறிக்கையும் பிள்ளைகளே எழுத வேண்டும். எழுத்துப் பிழை திருத்துவதோடு நீங்கள் நில்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த ‘ஒருங்கிணைந்த மேலாண்மை’ என்ற சொல்லுக்கு நடுவர் அர்த்தம் கேட்கும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருப்பீர்கள்.

ஃப்ளெக்ஸ் தேவையே இல்லை. சார்ட் பேப்பரில் கையால் வரைந்த நான்கு தாள், அதில் ஒன்று நிச்சயம் அந்தப் பன்னிரண்டு எண்களும் உள்ள அட்டவணை. சராசரியை மட்டும் காட்டாதீர்கள். பேச்சுக்கு வழக்கமாக எட்டு நிமிடம், பிறகு கேள்விகள். தமிழிலேயே பேசலாம், அதனால் மதிப்பெண் குறையாது. மனப்பாடம் வேண்டாம், இடையில் ஒரு கேள்வி விழுந்தால் அறுந்துவிடும். அதற்குப் பதில் ஆறாம் வகுப்பில் நிறுத்துங்கள், சத்துணவு அக்காவிடம் சொல்லச் சொல்லுங்கள். “ஏன் பத்து வண்டு, இருபது விட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் அவர்கள்தான். ஒருத்தி பேச, மற்றவள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏற்பாடும் கூடாது. இருவருக்கும் முழுத் திட்டமும் தெரிந்திருக்க வேண்டும், பேசாமல் நிற்கிற பிள்ளையைத்தான் நடுவர் முதலில் கேட்பார்.

ஜூலையில் பாட்டில் வைத்தால் ஆகஸ்ட் கடைசியில் எண்ணி முடியும். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு இன்னொரு முறை செய்துபார்க்கவும் நேரம் இருக்கும்.

மாவட்டத்தில் தேர்வாகிவிட்டால் பல பள்ளிகள் அங்கேயே கொண்டாடி முடித்துவிட்டு, அதே அறிக்கையை மாநிலத்துக்கு எடுத்துப் போகின்றன. தோற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. மாவட்ட நடுவர்கள் கேட்டவற்றை அன்று மாலையே பிள்ளைகளை விட்டு எழுதவையுங்கள். பதில் தெரியாமல் நின்ற ஒரு கேள்வியை எடுத்து, இடைப்பட்ட வாரங்களில் அதற்கு மட்டும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். செம்மண்ணுக்குப் பதில் சலித்த சாம்பல் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால், இன்னும் மூன்று பாட்டில். மாநில மேடையில் “மாவட்டத்தில் எங்களிடம் இதைக் கேட்டார்கள், போய்ச் செய்து பார்த்தோம்” என்று தொடங்கும் அணியைத் தள்ளிவிட நடுவர்களுக்கு மனம் வராது.

போகிற நேரம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலம். சார்ட்டைச் சுருட்டி பிவிசி குழாய்க்குள் போட்டு இருபுறமும் பாலிதீன் கட்டுங்கள். அறிக்கை இரண்டு பிரதி வேறு வேறு பையில். பெற்றோர் சம்மதக் கடிதம், தலைமையாசிரியர் அனுமதி இரண்டையும் முன்வாரமே வாங்கிவிடுங்கள். பாட்டில் ஒன்றையும் கையோடு எடுத்துப் போகலாம், துணி மூடி இறுக்கமாக இருக்கட்டும். வண்டு வெளியே வந்தால் பக்கத்து அணியின் தானியத்தில் போய் உட்கார்ந்துவிடும்.