எலக்ட்ரான் தாவலில் ‘தலைகீழ் மண்டலம்’ என்றால் என்ன?

ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது, வெளிப்படும் ஆற்றல் கூடக்கூடத் தாவலின் வேகமும் (அதாவது எவ்வளவு அடிக்கடி தாவல் நடக்கிறது என்பது) கூடும். ஓர் அளவைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கும். அந்தப் பகுதிதான் தலைகீழ் மண்டலம்.

எலக்ட்ரான் இலகு, சட்டென்று தாவிவிடும். அணுக்கருக்களும் சுற்றியுள்ள கரைப்பானும் கனம், மெதுவாகவே அசையும். தாவலுக்கு முன்னும் பின்னும் ஆற்றல் சமமாகும் அமைப்புக்கு அவை முதலில் வந்தாக வேண்டும். ஆற்றல் மிஞ்சினால் அந்த அமைப்பை எட்டுவது மறுபடி கடினமாகிறது. ஓடும் பேருந்தில் தொற்றுபவரைப் பாருங்கள்: பின்தங்கினாலும் படி கிடைக்காது, முந்தி ஓடினாலும் கிடைக்காது.

வேதியியலாளர் ருடால்ஃப் மார்கஸ் 1956-இல் தொடங்கிய கோட்பாட்டின் கணிப்பு இது. தெளிவான சோதனைச் சான்று வர 1984 ஆனது, மார்கஸுக்கு நோபல் 1992-இல். சான்று வரும்வரை பலர் நம்பவே இல்லை!

‘தலைகீழ்’ என்றதும் எலக்ட்ரான் திரும்பி ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம்; திசை அதேதான், வேகம்தான் குறைகிறது.