இறந்தவரின் பேஸ்மேக்கர் இன்னொருவருக்கு ஆகுமா?

கேள்வி: மாமனார் போன மாதம் தவறிவிட்டார். இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைத்திருந்த பேஸ்மேக்கரை எடுக்காமல் உள்ளே அனுப்ப முடியாது, வெடித்துவிடும் என்று மின்மயானத்தில் சொன்னதால் எடுத்து வைத்திருக்கிறோம். பொருத்தி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. யாராவது ஏழைக்கு வைக்க முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். செய்தும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கென்று ஏற்பாடு உள்ள இடத்தில்தான். மயானத்தில் சொன்னது சரி, சூட்டில் அந்த பேட்டரி வெடிக்கும்.

கனடாவின் மான்ட்ரியலில், இறந்தவர்களிடமிருந்தும் மற்ற காரணங்களுக்காகவும் எடுத்த கருவிகளைச் சேகரித்து மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என்று அனுப்பி வந்தார்கள். துடிப்பு முப்பது, நாற்பதுக்கு இறங்கி மயங்கி விழுகிறவருக்கு அங்கேயும் வைத்தியம் தெரிந்த டாக்டர் உண்டு, கருவி வாங்கத்தான் காசு இருக்காது. அப்படிப் பெற்ற 1,051 பேரை, கனடாவில் புதுக் கருவி வைத்துக்கொண்ட 3,153 பேரோடு ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் தொற்று வந்தது பழையதில் 2 சதவீதம், புதியதில் 1.2. அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுதான், தொற்றால் ஒரு மரணமும் இல்லை. நம் மும்பையிலேயே, சிகாகோ பக்கத்து இறுதிச்சடங்கு நிலையங்கள் கொடுத்த கருவிகளை 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தபோது ஒருவருக்கும் தொற்று வரவில்லை.

எடுத்ததை அப்படியே வைத்துவிடுவதில்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, சுத்தம் செய்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, இதயத்துக்குள் போகும் ஒயரை மட்டும் புதிதாகப் போடுவார்கள். கம்பெனிகள் ஒருமுறைக்கு மட்டும் என்றுதான் போட்டிருக்கின்றன, அமெரிக்காவில் மறுபடி வைக்க அனுமதி இல்லை. புதுசு வாங்க முடிகிற நாட்டுக்கு அந்த விதி சரி. வாங்கவே முடியாதவரிடம் போய் அதைச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கருவியை அதற்கான அடையாள அட்டையோடு, பொருத்திய ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் கேளுங்கள். தெரிந்தவர், புரோக்கர் என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். அப்புறம், தமிழ்நாட்டில் ஏழை நோயாளிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே பேஸ்மேக்கர் உண்டு, தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். (ஷாக் கொடுக்கும் வகைக் கருவி என்றால் அதை அணைத்த பிறகே எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுப்பவருக்கு ஷாக் அடிக்கலாம்.)

கேள்வி: சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அம்மாவுக்கு வால்வு சுருக்கம், துடிப்பும் தாறுமாறு. ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்டுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவது போல், டெஸ்டே தேவைப்படாத மாத்திரை இருக்கிறதாமே?
– வாசகர், அரூர்

பதில்: இருக்கிறது, ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். இவரைப் போன்றவர்களுக்கு அது உதவுமா என்று ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில், 4,500 பேருக்கு மேல் சேர்த்து ரிவராக்ஸபன் என்ற அந்தப் புது மாத்திரையைச் சோதித்தார்கள். 2022-ல் வந்த முடிவு பலரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்: வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் மரணம் குறைவு, ரத்தக்கசிவும் அதனால் கூடிவிடவில்லை. வால்வு நன்றாக இருந்து துடிப்பு மட்டும் ஒழுங்கில்லாதவர்களுக்குப் புது மாத்திரை நல்லதுதான், பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரகமாக இருப்பார்.

பஸ் அலைச்சலைக் குறைக்க, உள்ளூர் லேபில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை போனில் அனுப்பினால் அளவைச் சொல்வீர்களா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மட்டும் சாப்பிடக் கூடாது.